பென்ட்லியிலிருந்து ஸ்பிரிங் தெரு வரை: மெல்பர்ன் நாட்குறிப்பு

முதல் நாள்

மகள் வீட்டிலிருந்து பென்ட்லி ரயிலடிக்குப் பத்து நிமிட நடை. மாலையில் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையும் நானும் அந்தப் பக்கம் போனோம். "இந்த ஊருக்கு இந்தப் பேர் எப்படி வந்துச்சு மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "பென்ட்னு பழைய அரசியல்வாதி ஒருத்தர் இருந்தாராம் மாமா. அதுக்கு மேல எனக்குத் தெரியலை" என்றார்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தவன் நான். வங்கிகள் எப்படி வளர்ந்தன என்பதைவிட எப்படிக் கவிழ்ந்தன என்று படிப்பதில்தான் எனக்கு நாட்டம். 1893-இல் மெல்பர்னில் வங்கிகள் வரிசையாகக் கதவைச் சாத்திய கதையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதில் வரும் தாமஸ் பென்ட்டின் ஊரில்தான் என் மகள் குடியிருக்கிறாள் என்பது இவ்வளவு நாள் எனக்கு உறைக்கவில்லை.

விக்டோரியா அப்போது தனிக் காலனி. 1851-இல் தங்கம் கிடைத்தது, உலகமே இங்கே ஓடி வந்தது. சில ஆண்டுகளிலேயே சொந்தச் சட்டசபை, சொந்த மந்திரிசபை. பென்ட் பிரைட்டன் பக்கத்தில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தவர், வரி வசூலிக்கும் வேலையும் பார்த்தவர். 1871 தேர்தலில், சட்டமேதை என்று பெயரெடுத்த ஜார்ஜ் ஹிகின்பாதமைத் தோற்கடித்துச் சபைக்குள் போனார். பத்தே வருஷத்தில் ரயில்வே மந்திரி. இப்போது நான் ஏறி இறங்கும் இந்தத் தடம், கால்ஃபீல்டிலிருந்து மார்டியாலக் வரை 1881 டிசம்பரில் திறக்கப்பட்டபோது அந்த இலாகா அவர் கையில். மணலும் புதரும் தோட்டமுமாகக் கிடந்த பூமியில் தண்டவாளம் போட்டால் நிலத்தின் விலை என்ன ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே நிலம் வாங்கி விற்றவர்களில் மந்திரியும் ஒருவர்.

இந்த மண் அதற்கும் முன்னால் பூனுரோங் மக்களுடையது. 1835-க்குப் பிறகு அவர்களை விலக்கிவிட்டுத்தான் கோடு போட்டு மனை பிரித்தார்கள். அந்தக் காலத்துக் கணக்கு எதிலும் அவர்களுக்கு ஒரு பத்தி கிடையாது.

இரண்டாம் நாள்

காலை ஒன்பதரைக்கு ரயில். தனியாகவே போகிறேன் என்று மகளிடம் அடம் பிடித்துக் கிளம்பினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். மால்வர்ன், அடுத்து ஆர்மடேல், அடுத்து டூராக். ஆர்மடேல் என்பது, அதே வங்கிக் கதையில் வரும் இன்னொருவர், முதல்வராகவும் இருந்த ஜேம்ஸ் மன்ரோ, ஸ்காட்லாந்தில் பிறந்த ஊர். அந்தப் பெயரைத் தன் பங்களாவுக்கு வைத்தார்; பங்களாவின் பெயர் பேட்டைக்கு ஒட்டிக்கொண்டது. டூராக், அந்தக் காலத்துச் சபாநாயகர் சர் மேத்யூ டேவிஸின் தொகுதி. பென்ட், மன்ரோ, டேவிஸ், மூன்று பேரும் ஒரே ரயில் தடத்தில். பயணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே யோசித்தபடி இருந்தேன்.

ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்தில் இறங்கி டிராம் பிடித்தால் காலின்ஸ் தெரு மேட்டேறி ஸ்பிரிங் தெருவில் விடுகிறது. நகரின் நடுப்பகுதியில் டிராமுக்குக் காசில்லை. எதிரே நாடாளுமன்றம். அகலமான கல் படிகள், அதற்கு மேல் வரிசையாகத் தூண்கள். சபை கூடாத நாட்களில் பொதுமக்களை இலவசமாக உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். மேலவை மண்டபத்தின் கூரையில் தங்க ரேக்கு அப்படி மின்னுகிறது. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தேன். 1856-இல் கட்டியது. முகப்புத் தூண்கள் பிறகு வந்தவை, 1892 வாக்கில் முடிந்தவை. வரைபடத்தில் இவற்றுக்கு மேலே பெரிய கோபுரக் குவிமாடம் ஒன்று உண்டு. அது கட்டப்படவே இல்லை. பணம் தீர்ந்துவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் நின்று பார்த்தால் கட்டடம் தலையில்லாமல் நிற்பது நன்றாகத் தெரிகிறது. இந்தக் கதைக்கு இதைவிடச் சரியான சாட்சி வேறு வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

1891 அக்டோபரில் ஒரு ராத்திரி, சபாநாயகரின் செங்கோல் இந்தக் கட்டடத்திலிருந்து காணாமல் போனது. லிட்டில் லான்ஸ்டேல் தெருவின் விபசார விடுதி ஒன்றுக்கு அதை எடுத்துப் போய்க் கேலிச் சபை நடத்தினார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. விசாரணைக் குழு போட்டும் துப்புத் துலங்கவில்லை, இன்று வரை கிடைக்கவில்லை. அப்போது சபாநாயகர் மேத்யூ டேவிஸ். அவர் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே விண்ட்ஸர் ஹோட்டல். 1880-களின் தொடக்கத்தில் 'கிராண்ட்' என்ற பெயரில் கட்டியது. 1886-இல் ஜேம்ஸ் மன்ரோவும் ஜேம்ஸ் பால்ஃபரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி வாங்கினார்கள். இரண்டு பேருமே மதுவிலக்குக்காரர்கள். ஹோட்டலின் மது உரிமத்தை மன்ரோ எல்லார் முன்னிலையிலும் கொளுத்தினார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அது 'காபி பேலஸ்'. அரண்மனை போல ஒரு விடுதி, சாராயம் மட்டும் கிடையாது. இதே மாதிரி இதைவிடப் பெரியதாக, காலின்ஸ் தெருவின் மறுகோடியில் 1888-இல் ஃபெடரல் காபி பேலஸ் எழுந்தது. அதிலும் மன்ரோ உண்டு. அதை 1973-இல் இடித்துவிட்டார்கள்.

வாசலில் நின்று யோசித்துப் பார்த்தேன். மன்ரோ அச்சுத் தொழிலாளியாக வந்து இறங்கியவர். 1865-இல் ஒரு வீட்டுக் கடன் சங்கம் தொடங்கினார். நம் ஊர் வீட்டு வசதிச் சங்கம் மாதிரிதான்: கூலிக்காரர்கள் வாரா வாரம் பணம் கட்டுவார்கள், அவர்களில் ஒருவருக்கு வீடு கட்டக் கடன் கிடைக்கும். 1882-இல் ஃபெடரல் வங்கி. பிறகு நில வங்கி. குடிக்காதவர், மதுவிலக்கு மேடைகளில் முழங்குகிறவர். அப்படிப்பட்டவர் கையில் பணத்தைக் கொடுக்க எந்த விதவையும் எந்தத் தச்சரும் யோசிக்கவில்லை. அவரை நான் வேஷக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் நம்பியதை உண்மையாகத்தான் நம்பியிருப்பார். அந்த நம்பிக்கை மற்றவர்களுக்குப் பிணையாகிவிட்டது.

1890 நவம்பரில் மன்ரோ விக்டோரியாவின் பிரிமியர் ஆனார், அதாவது முதல்வர். தெருவைக் கடந்தால் ஒரு பக்கம் அவருடைய ஹோட்டல், மறு பக்கம் அவருடைய சபை. நான் அடிகளை எண்ணிக்கொண்டே கடந்தேன், நடுவில் டிராம் வந்து எண்ணிக்கை தப்பிவிட்டது.

1891 டிசம்பரில் அவருடைய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு கம்பெனி தானாகவே கலைக்கப்படும் வழியில் போய்விட்டால், அதற்குப் பணம் கொடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஒன்று சேர்ந்து கேட்டாலொழிய நீதிமன்றத்தின் வழியாக அதைக் கலைக்கச் சொல்ல முடியாது. படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. வங்கியில் வேலை பார்த்தவனுக்கு வயிற்றைக் கலக்கும். நீதிமன்றம் கலைத்தால் கணக்குப் புத்தகம் வெளியே வரும், இயக்குநர்களைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். தானாகக் கலைத்தால் கம்பெனியின் ஆட்களே கதவைச் சாத்திக்கொண்டு கணக்கு முடிப்பார்கள். பத்தாயிரம் சிறு டெபாசிட்தாரர்கள் எங்கே போய் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து மூன்றில் ஒரு பங்கு சேர்ப்பார்கள்? கவிழ்ந்துகொண்டிருந்த கம்பெனிகளின் இயக்குநர்கள்தான் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தார்கள்.

1892 பிப்ரவரியில் மன்ரோ பதவியை விட்டுவிட்டு, லண்டனில் காலனியின் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றுக் கப்பலேறினார். ஊரில் எழுந்த கோபம் அவரைத் திரும்பி வர வைத்தது. 1893-இல் திவால். அவருடைய ஃபெடரல் வங்கி அந்த ஆண்டு ஜனவரியிலேயே மூடியாகிவிட்டது.

மூன்றாம் நாள்

இன்று முழுக்கக் காலின்ஸ் தெரு. கால் வலி. மகள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

முதலில் 380-ஆம் எண். கோதிக் வங்கி என்கிறார்கள். இங்கிலிஷ், ஸ்காட்டிஷ் அண்ட் ஆஸ்திரேலியன் வங்கிக்காக வில்லியம் வார்டெல் வடிவமைத்து 1887-இல் முடித்தது. உள்ளே நுழைந்தபோது தேவாலயத்துக்குள் வந்துவிட்டோமோ என்று செருப்பைக் கழற்றப் போய்விட்டேன். நீலமும் தங்கமுமாகக் கூரை, மெலிந்த இரும்புத் தூண்கள், மரத்தில் கடைசல் வேலை. இதைக் கட்டச் சொன்ன பொது மேலாளர் சர் ஜார்ஜ் வெர்டன், அதற்கு முன்னால் காலனியின் நிதி மந்திரி, பிறகு லண்டனில் காலனியின் முதல் பிரதிநிதி. வங்கியின் மாடியிலேயே குடியிருந்தார். மந்திரி பதவியிலிருந்து வங்கி நாற்காலிக்குப் போக எந்தத் தடையும் இல்லாத காலம்.

கொஞ்சம் தள்ளி 333-இல் கமர்ஷியல் வங்கியின் குவிமாடக் கூடம். 1891-இல் தொடங்கி 1893-இல் முடித்தது. வெளியே புதுக் கட்டடம் வந்துவிட்டாலும் உள்ளே அந்த எண்கோணக் கூடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். அடியில் நின்று மேலே பார்த்தால் வெளிச்சம் பால் மாதிரி இறங்குகிறது. இந்த வேலை முடிந்த வருஷம்தான், ஈஸ்டர் முடிந்த கையோடு ஏப்ரல் தொடக்கத்தில், இந்த வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அடுத்து கோதிக் வங்கி. அடுத்தடுத்து மற்றவை. ஏப்ரல் 30 ஞாயிற்றுக்கிழமை இரவு அரசு கூடி, மே 1 முதல் ஐந்து நாட்கள் வங்கிகளுக்கு விடுமுறை என்று அறிவித்தது. உதவி என்று நினைத்துச் செய்தது, பீதியைக் கிளப்பிவிட்டது. அரசே மூடச் சொல்கிறது என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்றுதானே ஜனங்கள் நினைப்பார்கள்? பேங்க் ஆஃப் ஆஸ்திரலேஷியா, யூனியன் பேங்க் இரண்டும் விடுமுறையை ஏற்காமல் கதவைத் திறந்து வைத்திருந்தன. அவர்களிடம் ஓடிய கூட்டம், பணம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் கலைந்தது. இந்த இடத்தில் எனக்கு மெய் சிலிர்க்கும். திறந்திருக்கும் கதவைவிட வங்கிக்கு வேறு பலம் இல்லை.

நிலத்தின் விலை அப்படிப் பொங்கியது எப்படி என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் வட்டி குறைவு, இங்கே அதிகம். அங்கிருந்து டெபாசிட் கப்பல் கப்பலாக வந்தது. அந்தப் பணத்தை நில வங்கிகள் மனை வாங்கக் கொடுத்தன. ஏலத்துக்கு ஜனங்களை அழைத்துப் போகச் சிறப்பு ரயில், கூடாரம், பாண்டு வாத்தியம், மதிய விருந்து, ஷாம்பெயின். பிளாட் பார்க்க இலவச வேனும் சாப்பாடும் தரும் நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்பணம், மீதிக்குக் கடன் பத்திரம். வாங்கியவர் அடுத்த மாதமே இன்னொருவருக்கு விற்பார். அந்தக் காகித லாபத்தைக் காட்டி இன்னொரு கம்பெனி. 1888-க்குப் பிறகு வாங்க ஆள் இல்லை.

பிற்பகல் பிளாக் ஆர்கேட். தரை முழுக்க வண்ணக் கல் பதித்த கோலம், மேலே கண்ணாடிக் கூரை. சுற்றுலாப் பயணிகள் மாவுப் பண்டங்கள் அடுக்கிய கடை ஜன்னலைப் படம் எடுக்கிறார்கள். இந்த இடம் பெஞ்சமின் ஃபிங்கின் கம்பெனி கட்டியது. மேசை நாற்காலி வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர், சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார். நகரத்தின் நடுவில் அவர் கை படாத மூலை குறைவு. 1892-இல் அவர் கணக்கை முடித்தபோது கடன் பதினைந்து லட்சம் பவுனுக்கு மேல். கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது பவுனுக்கு அரை பென்னி.

ஒரு பவுன் என்றால் 240 பென்னி. அரை பென்னி என்றால் 480-இல் ஒரு பங்கு. நம் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் போட்டவருக்கு 208 ரூபாய்.

அதுவும் ரகசியமாக. கடன் தொகையில் முக்கால் பங்குக்கு உரியவர்கள் சம்மதித்தால் போதும், மிச்சம் உள்ளவர்களும் கட்டுப்பட வேண்டும். திறந்த நீதிமன்ற விசாரணை கிடையாது. சட்டம் அப்படி ஒரு வழியை வைத்திருந்தது. பெரிய புள்ளிகள் ஒருவருக்கொருவர் கடன் பட்டிருந்ததால் முக்கால் பங்கு எளிதாகச் சேர்ந்தது. அந்த வழியில் கைதேர்ந்த வக்கீல் தியோடர் ஃபிங்க், அதே குடும்பத்துக்காரர். தன் கடன்களையும் அப்படியே முடித்துக்கொண்டார். 1894-இல் சட்டசபைக்குப் போனார், பிறகு தொழிற்கல்விக்கு நிறையச் செய்தார், பெரிய பத்திரிகைக் குழுமத்தின் தலைவராக இருந்தார். தெருத்தெருவாய் மிட்டாய் விற்றவன் சிறு கடனுக்குத் திவால் நோட்டீசில் பெயர் வந்து அவமானப்பட்ட அதே ஆண்டுகள் இவை.

ஆர்கேட் நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் பெரும் பகுதியை 1995-இல் ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். நான் வங்கியில் இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். முதலாளி கோயில் திருப்பணிக்கெல்லாம் கொடுப்பவர், நெற்றியில் விபூதி அழியாதவர் என்றார். இரண்டு வருஷம் வட்டி சரியாக வந்தது. பிறகு ஒரு நாள் ஷட்டர் பூட்டியிருந்தது. அப்பா தினம் காலையில் குளித்துவிட்டு அந்த வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவார். கோபப்பட்டுப் பேசியதே இல்லை. ஆறு மாதம் போனார். அதற்குப் பிறகு போகவில்லை.

இந்தத் தரையின் அழகை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு கல்லும் அவ்வளவு நேர்த்தி. ஆனால் இது யார் காசு என்று கேட்காமல் என்னால் நடக்க முடியவில்லை.

நான்காம் நாள்

மழை. வீட்டிலேயே. மகள் ரசம் வைத்தாள், பேத்திக்குக் காய்ச்சல்.

மேத்யூ டேவிஸ் கதையை முடித்துவிடுகிறேன். நாற்பதை ஒட்டிய கம்பெனிகளை ஆட்டி வைத்தவர். 1887 முதல் சபாநாயகர், 1890-இல் சர் பட்டம். அவருடைய மெர்க்கன்டைல் வங்கி 1892 தொடக்கத்தில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. பொய்யான இருப்புநிலைக் குறிப்பு வெளியிட்டுச் சதி செய்தார்கள் என்று அவர்மேலும் மற்ற இயக்குநர்கள்மேலும் வழக்கு. 1893-இல் அவர் கப்பலேறிவிட்டார். துப்பறியும் போலீஸ்காரர் ஒருவர் பின்னாலேயே போய், கொழும்பில் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். விக்டோரியாவின் சபாநாயகராக இருந்தவர் கைதியாகக் கொழும்புத் துறைமுகத்தில். இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா "எங்கட கொழும்பிலயோ?" என்று இரண்டு முறை கேட்டார்.

திரும்பக் கொண்டுவந்தும் என்ன? அரசின் தலைமை வழக்கறிஞர் பிரையன் ஓ'லாக்லன் வழக்கைக் கைவிட முடிவெடுத்தார். அவருக்கு அடுத்த பதவியில் இருந்தவர் ஐசக் ஐசக்ஸ். ஏழைத் தையற்காரரின் மகன், முப்பத்தேழு வயது, மந்திரிசபைக்குப் புதிது. வழக்கை நடத்தியே தீருவேன் என்று நின்றார். முதல்வர் பாட்டர்சன் ராஜினாமா கேட்டார். ஐசக்ஸ் பதவியை மட்டுமா விட்டார், தொகுதியையும் விட்டுவிட்டு மக்களிடமே திரும்பப் போனார். அவர்கள் அவரை மறுபடியும் அனுப்பி வைத்தார்கள். வழக்கு நடந்தது. டேவிஸுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. 1894-இல் திவாலானதோடு சரி. ஐசக்ஸ் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிபதி, 1931-இல் இந்த மண்ணில் பிறந்த முதல் கவர்னர் ஜெனரல். இந்தக் கதை முழுவதிலும் நான் எழுந்து நின்று கும்பிட நினைக்கும் ஆள் இவர்தான்.

ஆல்ஃப்ரட் டீகினைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்கிய ஆண்டுகளில், 1886 முதல் 1890 வரை, ஆட்சியின் இரண்டாவது ஆள். நிலக் கம்பெனிகளில் அவர் பெயரும் இருந்தது. 1890-இல் பாசனத்தைப் படிக்க இந்தியாவுக்குப் போய், திரும்பி வந்து நம் கால்வாய்களையும் கோயில்களையும் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். பணம் போன பிறகு அவர் ரகசிய ஒப்பந்தத்தில் ஒளிந்துகொள்ளாமல் வக்கீல் தொழிலுக்குத் திரும்பி உழைத்தார். மூன்று முறை நாட்டின் பிரதமராகியும் பட்டம் எதையும் ஏற்கவில்லை. அவரை நல்லவர் பட்டியலில் சேர்க்கவா என்று எனக்கு இன்னும் தயக்கம்.

ஐந்தாம் நாள்

மாப்பிள்ளைக்கு விடுமுறை. காரில் ஃபேர்ஃபீல்ட் பக்கம் யாரா ஆற்றங்கரைக்குப் போனோம். வுருண்ட்ஜெரி மக்களின் மொழியில் இந்த ஆறு பிரரங். இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டிருக்கும் பழைய இரும்புப் பாலம் ரயிலுக்காகக் கட்டியது. ஓக்லியிலிருந்து ஃபேர்ஃபீல்ட் வரை நகரத்தை வெளியே சுற்றிப் போன 'அவுட்டர் சர்க்கிள்' தடம். 1890-91-இல் திறந்தார்கள். 1893-இல் பெரும் பகுதியை மூடிவிட்டார்கள். ஏறுவதற்கு ஆள் இல்லை. வீடு வரும், ஜனம் வரும் என்று நினைத்து மாட்டு மேய்ச்சலுக்கு நடுவே போட்ட தடம்.

1884-இல் டங்கன் கில்லிஸ் கொண்டுவந்த ரயில் சட்டத்தை 'ஆக்டோபஸ் சட்டம்' என்று ஊர் அழைத்தது. அறுபதை ஒட்டிய புதுத் தடங்கள், எட்டுத் திக்கிலும் கை நீட்டின. உறுப்பினருக்கு உறுப்பினர் தன் தொகுதிக்கு ஒன்று கேட்டு வாங்கினார். என் தடத்துக்கு நீ கை தூக்கு, உன் தடத்துக்கு நான் தூக்குகிறேன். எல்லாம் லண்டனில் வாங்கிய கடன்.

இப்போது அந்தத் தடத்தில் நடைபாதை. மே மாதம் இங்கே இலையுதிர் காலம்; மரங்கள் தங்க நிறத்தில் கொட்டுகின்றன. ஒரு மணி நேரம் நடந்தோம். நாய்களோடு நடப்பவர்கள் "ஹலோ" சொல்லிப் போனார்கள். மாப்பிள்ளை ஓரிடத்தில் நின்று, "மாமா, இது ரயில் போன வழின்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது, இங்கதான் சைக்கிள் ஓட்டுவேன்" என்றார். அவருக்குக் கொஞ்சம் வெட்கம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பும்போது கியூவில் பூருந்தாரா கல்லறைத் தோட்டம். அதில் 'தி ஏஜ்' பத்திரிகை முதலாளி டேவிட் சைம் உறங்கும் இடம் எகிப்துக் கோயில் மாதிரி நிற்கிறது. மந்திரிசபைகளை ஆக்கவும் அழிக்கவும் வல்லவர். ரயில்வேயில் பணம் வீணாகிறது என்று அவர் பத்திரிகை தாக்க, ரயில்வே தலைவர் ரிச்சர்ட் ஸ்பைட் 25,000 பவுன் கேட்டு வழக்குப் போட்டார். இழுத்துப் பறித்துக் கடைசியில் அவருக்குக் கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி.

ஆறாம் நாள்

ரிப்பன்லீ மாளிகை. ஃபிரெடரிக் சார்குட், துணி வியாபாரி, மந்திரி. 1868 முதல் கட்டியது. தோட்டம், ஏரி, மழைநீர் ஒரு சொட்டு வீணாகாத வாய்க்கால்கள். சொந்த வியாபாரத்தில் சம்பாதித்து நிதானமாகக் கட்டியதன் அமைதி அங்கே இருக்கிறது. அவர் 1903-இல் இறந்த பிறகு வாங்கிய கூட்டத்தில் நம் பென்ட்டும் உண்டு. தோட்டத்தை மனை மனையாக வெட்டி விற்க ஆரம்பித்தார். 1909-இல் அவர் இறந்துபோனதால் மிச்சம் தப்பியது. ஏரிக்கரையில் வாத்துகளுக்கு நடுவே பேத்தி ஓடி விளையாடினாள். காய்ச்சல் விட்டுவிட்டது.

ஏழாம் நாள்

கடைசியாகப் பிரைட்டன். பே தெரு நெப்பியன் நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் தாமஸ் பென்ட் வெண்கலச் சிலையாக நிற்கிறார். மார்கரெட் பாஸ்கர்வில் என்ற பெண் சிற்பி செய்தது. கனத்த உடம்பு. எதிரே ஓயாமல் கார்கள்.

1893-க்குப் பிறகு இவரும் விழுந்தார். 1894-இல் தொகுதி போனது. போர்ட் ஃபேரிப் பக்கம் போய் மாடு வளர்த்தார். 1900-இல் பிரைட்டன் மக்கள் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 1904-இல் முதல்வர். அந்தப் பதவியில் இருக்கும்போதே 'ஈஸ்ட் பிரைட்டன்' ரயில் நிலையம் 'பென்ட்லி' ஆனது. பாட்டுப் பாடுவார், கதை சொல்வார், யார் வீட்டுச் சாவுக்கும் போய் நிற்பார் என்கிறார்கள். ஜனங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நான் புரிந்துகொள்ள முயன்றுகொண்டே இருக்கிறேன். அப்பாவுக்கும் அந்த நிதி நிறுவன முதலாளியைப் பிடித்திருந்தது. ஷட்டர் விழுந்த பிறகும், "அவர் நல்லவர்தான், கூட இருந்தவங்க கெடுத்துட்டாங்க" என்றுதான் சொன்னார்.

நஷ்டப்பட்டவர்களின் பெயர் எங்கே என்று இந்த ஏழு நாளும் தேடினேன். காலிங்வுட்டிலும் பிரன்ஸ்விக்கிலும் வாரத்துக்கு இரண்டு ஷில்லிங் சேர்த்த தச்சர்கள், தையற்காரிகள், வேலைக்காரப் பெண்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மேற்கே கூல்கார்டி தங்க வயலுக்குக் கப்பலேறினார்கள். தெருத் தெருவாகக் காலி வீடுகள். அவர்கள் பெயரில் ரயிலடி இல்லை. ஆனால் அந்த ரகசிய ஒப்பந்தப் பத்திரங்கள் அழிக்கப்படாமல் இருந்தன; பல பத்தாண்டுகள் கழித்து ஒருவர் பிரித்துப் படித்ததால்தான் அரை பென்னிக் கணக்கு நமக்குத் தெரிகிறது. காகிதத்தைப் பத்திரமாக வைத்த ஏதோ ஒரு குமாஸ்தாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரவு வீட்டுக்குப் பேசினேன். அப்பாவின் டெபாசிட் சீட்டு பீரோவில் கீழ்த் தட்டில் இருக்கிறதா பார் என்றேன். "இப்ப எதுக்குங்க அது?" என்று கேட்டுக்கொண்டே தேடினாள். கிடைத்தது. ஓரம் பூச்சி அரித்திருக்கிறதாம், எண் தெரிகிறதாம், அப்பா பெயர் தெரிகிறதாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு வை, வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.